பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர்?

திருத்தணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இன்ஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும், சர்நேம் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை என்றாய். உன் ஆபீசில் இருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள், "உங்கள் ஆட்களுக்குச் சர்நேமே கிடையாதா?" என்று கேட்டார்களாம். அதில் ஒருத்தி, சாதிப் பட்டத்தைப் போட்டுவிடு, வேலை முடிந்தது என்று யோசனையும் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. ஏதோ நம்மிடம் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போய்விட்டதைப் போல நீ பேசினாய். அந்த எண்ணத்தை முதலில் விடு.

சர்நேம் என்பது ஆதிகாலம் முதல் மனிதர்களிடம் இருந்துவந்த பொருள் அல்ல. உலகில் பலருக்கு அது அரசாங்கம் கட்டாயப்படுத்திக் கொடுத்தது. நீ போகப்போகிற நெதர்லாந்தையே எடுத்துக்கொள். அந்த நாடு நெப்போலியன் கையில் இருந்தபோது, 1811-இல், குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும் என்று ஆணை வந்தது. ஜப்பானில் சாதாரணக் குடியானவர்கள் கட்டாயம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை 1875-இல். சயாமில் 1913. துருக்கியில் 1934, அந்தச் சட்டம் வந்த பிறகுதான் முஸ்தபா கமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரை அந்நாட்டு நாடாளுமன்றம் கொடுத்தது. பிலிப்பைன்ஸில் நடந்தது இன்னும் விசித்திரம். 1849-இல் கிளவேரியா என்ற ஸ்பானிய ஆளுநர் பெயர்களை அச்சடித்து ஒரு பட்டியலாக ஊர் ஊராக அனுப்பினார். குடும்பத்துக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பக்கங்கள் மட்டும் போய்ச் சேர்ந்ததால், ஊர் முழுக்க அந்த ஒரே எழுத்துப் பெயர்கள். அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊரில் இன்றும் 'ர' ஓசையில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் மண்டிக் கிடக்கின்றன.

வரி வாங்க வேண்டும், படைக்கு ஆள் எடுக்க வேண்டும், இன்ன நிலம் இன்னாருடையது என்று எழுதி வைக்க வேண்டும். அதற்கு அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வால் இருந்தால் குமாஸ்தாவுக்கு வசதி. அவ்வளவுதான் அதன் பிறப்பு.

அந்த வசதிக்கு வளையாமல் இன்றும் நன்றாக வாழும் நாடு ஐஸ்லாந்து. அங்கே இன்னார் மகன், இன்னார் மகள் என்பதுதான் பெயரின் பின்பாதி. 1980 முதல் 1996 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த விக்டிஸ் ஃபின்போகதோத்திர், ஃபின்போகி என்பவரின் மகள். உலகில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். அவரை ஊரே விக்டிஸ் என்றுதான் கூப்பிட்டது. அந்நாட்டின் டெலிபோன் புத்தகத்தில் ஆட்களை அவரவர் சொந்தப் பெயரின் அகர வரிசையில்தான் அடுக்கினார்கள். ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்டை உனக்குத் தெரியும். அதில் 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி ஒரு மரியாதை. அவர் பெயர் 'தாண்ட்' மட்டும்தான். அந்த ஒற்றைப் பெயரோடு அவர் பத்தாண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

நம் பழைய பெயர்களைப் பார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். இருக்கும் ஊர், செய்யும் தொழில், பூர்விக ஊர், கடைசியில் ஆள் பெயர். இவ்வளவும் ஒரு மூச்சில். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றால் ஊரும் அப்பாவும் வந்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நம் ஊரிலேயே, மலைக்குக் கீழே வீரட்டானேசுவரர் கோயிலைப் பல்லவன் அபராஜிதன் காலத்தில் கற்றளியாக எடுப்பித்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: நம்பி அப்பி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்து நிற்க அந்தச் சின்னப் பெயருக்கு வேறு துணை வேண்டியிருக்கவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடு மாதிரி தெலுங்கு பேசித் தமிழ் படித்த வீடுகளுக்குத் திருத்தணியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு; அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ் வீட்டில் இன்ஷியல் என்றால் அப்பா. சிலருக்கு அதற்கு முன்னால் ஊர். மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பதுதான் ம.பொ.சி. தெலுங்கு வீட்டில் முதல் எழுத்து அப்பாவுடையது அல்ல, வீட்டுப் பெயருடையது. இண்டி பேரு என்று உன் பாட்டி சொல்வாளே, அது. பெரும்பாலும் முன்னோர் புறப்பட்டு வந்த ஊரின் பெயர். நம் ஊரில் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த ராதாகிருஷ்ணனின் 'ச' அப்பா பெயர் என்று எத்தனையோ பிள்ளைகள் பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள். அவர் அப்பா வீராசாமி. சர்வேபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். அவருடைய முன்னோர் அங்கிருந்து தெற்கே இறங்கி வந்தவர்கள். ஊரை விட்டு வந்து தலைமுறைகள் ஆன பிறகும் ஊர் பெயரை விடவில்லை. அவர் மகன், சரித்திர ஆசிரியர் கோபாலும் சர்வேபள்ளி கோபால்தான். சர்வேபள்ளியில் பிறக்காத ஒருவரால் அந்தப் பெயர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ராஷ்டிரபதி பவனுக்கும் போனது.

வீட்டுப் பெயருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மீ இண்டி பேரு ஏமண்டி?" இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பெயர் என்றால் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள், அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். என் வீட்டுப் பெயரும் உன் வீட்டுப் பெயரும் வேறு வேறாக இருந்ததால்தான் உன் அம்மாவை அந்த வீட்டில் கொடுத்தோம். அவளுக்குத் தாலி ஏறியதும் வீட்டுப் பெயரும் மாறியது. அவளை யாரும் கேட்கவில்லை.

உன் தாத்தா படித்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது ஜில்லாவோடு நம் ஊரும் அங்கே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார், விநாயகம் போன்றவர்கள் போராடி, கடைசியில் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நாம் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். எல்லை நகர்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இன்ஷியல் போடும் முறையும் மெல்ல நகர்ந்தது. உன் தாத்தாவின் கையெழுத்துக்கு முன்னால் இருந்த எழுத்து வீட்டுப் பெயருடையது. உன் அப்பாவைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் தமிழ் முறைப்படி அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். உனக்கும் அதே மாதிரி. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்குள் முன்னெழுத்தின் பொருளே மாறிவிட்டது. அது உன் தாத்தாவுக்கு ஒரு வருத்தமாகவே இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்படி வருத்தம் இல்லை. இரண்டு முறையும் நம்முடையவைதான்.

ஆக, "உங்களுக்குச் சர்நேம் கிடையாதா?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், உண்டு, எங்களுக்கு அது முன்னால் வரும் என்று நிமிர்ந்து சொல்.

சாதிப் பட்டத்தை மட்டும் போடாதே. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். அவள் வளர்ந்த ஊரில் அது வெறும் சர்நேம். நம் ஊரில் அது வெறும் சர்நேம் ஆகாமல் பார்த்துக்கொள்வதற்குப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்குப் பெரிய மனிதர் என்பதன் அடையாளமே அந்தப் பட்டம்தான். அதைத் தாங்களாகவே வெட்டி எறிந்தார்கள். அதன் பலன், என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், பெயரைப் படித்தால் யார் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே பாடம் நடத்தலாம். இந்தியாவில் எத்தனை வாத்தியார்களுக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது? சாதி போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. நீயும் பார்க்கத்தானே செய்கிறாய். ஆனால் பெயரளவிலாவது ஒரு கதவு அடைபட்டிருக்கிறது. ஒரு பாஸ்போர்ட் கட்டத்துக்காக நீ அதைத் திறந்துவிடக் கூடாது. உன் பிள்ளைக்கும், அதன் பிள்ளைக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டே போகும்.

ஒட்டிக்கொண்டு போவதை வேறு ஊர்களில் பார்க்கலாம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் ஐம்பது வருஷம் கப்பல் கப்பலாகப் போனவர்களில் வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். அப்போது நம் ஊர் இருந்த கார்வேட்நகர் ஜமீனும் அந்த ஜில்லாதான். கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், சாதி, ஊர் என்று எழுதினார்கள். காலப்போக்கில் பலருக்கு அந்தச் சாதிப் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். அதே சென்னை மாகாணத்திலிருந்து மலேயா போனவர்களுக்கு அரசாங்கம் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று மலாயில் மகன், மகள் என்பதை நடுவில் போட்டு அப்பா பெயரைச் சேர்த்தது. அவர்கள் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாய், அங்கே குமாஸ்தா என்ன கேட்டான் என்பதை வைத்து ஐந்து தலைமுறைக்குப் பெயர் அமைந்துவிட்டது. இப்போது உன் முன்னால் இருப்பதும் அப்படி ஒரு குமாஸ்தாவின் கேள்விதான். ஆனால் பதில் எழுதும் பேனா உன் கையில் இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் கேட்டாய்: "மாமா, எப்படியும் மாற்றுவதென்றால் என் பெயரையே கொஞ்சம் புதுசாக மாற்றிக்கொள்ளட்டுமா?" உனக்கு வைத்த பாட்டி பெயர் பழசாகப் படுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையாது என்றும் பயப்படுகிறாய்.

பெயரை மாற்றுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சிலருக்கு அது தேவையாக இருக்கிறது. நம் திருத்தணிக்குப் பக்கத்து நாராயணபுரத்தில், பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆண் பிறக்குமாம். என் வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள். காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்து, "வேண்டாம்" என்று நான் கூப்பிட வேண்டும். "உள்ளேன் ஐயா" என்று அவள் எழுந்து நிற்க வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு என்னால் அது முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்திருந்தான். அதனால் பெயர் பலித்துவிட்டது என்று அவள் காதுபடவே பெரியவர்கள் பேசினார்கள். பதினெட்டு வயது ஆனதும் அவளே சென்னைக்குப் போய்ப் பணம் கட்டி அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டாள். அந்தத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். பொடி எழுத்தில், இன்னாரின் மகள், இன்ன தேதியில் பிறந்தவள், இனிமேல் இந்தப் பெயரால் அறியப்படுவேன் என்று நாலு வரி. அந்த நாலு வரியை அவள் லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

இது நம் பக்கம் மட்டும் நடப்பதும் அல்ல. மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டத்தில் இதே பொருளில் 'நகுசா' என்று பெயர் வைக்கப்பட்ட 280-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தது. சீனாவில் தம்பியைக் கூட்டி வா என்ற பொருளில் பெண்களுக்கு வைத்த பெயர் உண்டு.

இதையும் குப்பன், பிச்சை என்ற பெயர்களையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்து, எமனுக்கு இது மதிப்பில்லாத பொருள் என்று காட்டுவதற்காக வைத்த பெயர் குப்பன். பிச்சை என்றால் சாமி போட்ட பிச்சை. அவற்றுக்குள் இருப்பது குழந்தை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு. கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையின் பெயரை இன்று உலகமே அந்தச் சொல்லோடுதான் சொல்கிறது.

உன் பெயரில் அப்படி ஒரு காயம் இல்லை. பாட்டி பெயரைப் பேத்திக்கும் தாத்தா பெயரைப் பேரனுக்கும் வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு அழகான சாட்சி சி.வி. ராமன். அவருடைய 'சி' அவர் அப்பா சந்திரசேகர ஐயர். அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் ராமனின் அண்ணன் தன் மகனுக்கு வைத்தார். சித்தப்பாவுக்கு 1930-இலும் அண்ணன் மகன் சந்திரசேகருக்கு 1983-இலும் நோபல் பரிசு. இருவருக்கும் பொதுச் சர்நேம் என்று ஒன்று இல்லை. ஆனால் ஒருவருடைய இன்ஷியல்தான் இன்னொருவருடைய பெயர்.

முத்துசுவாமி தீட்சிதரையும் சொல்லிவிடுகிறேன். நம் மலைக்காரர் என்ற உரிமையில். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பிறந்ததால் பெற்றோர் வைத்தது முத்துசுவாமி. பிறகு நம் மலைப்படியில் ஒரு பெரியவர் வடிவில் முருகன் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டதாகவும், அங்கேதான் முதல் கீர்த்தனை பிறந்ததாகவும் சொல்வார்கள். தன் பாட்டுக்கெல்லாம் அவர் வைத்த முத்திரை 'குருகுக'. பெற்றவர்கள் கொடுத்த பெயரிலும் முருகன், தானே எடுத்துக்கொண்ட பெயரிலும் முருகன். நீ எடுத்துக்கொள்ள நினைக்கும் பெயருக்கு அப்படி ஒரு காரணம் இருந்தால் சொல், நானே கூட வருகிறேன். வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையாது என்பது மட்டும் காரணம் என்றால், ஒரு மாதம் பொறுத்துக்கொள். நுழையும்.

இப்போது கட்டத்துக்கு வருவோம். காலியாக விடவும் பாஸ்போர்ட்டில் வழி உண்டு. விடாதே. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைச் சர்நேம் இடத்தில் போட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதன் மூன்று எழுத்துச் சுருக்கத்தை அச்சடித்துவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இந்த அலைச்சல் உனக்கு எதற்கு?

வீட்டுப் பெயரைப் போடலாம் என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் உன் பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், பட்டம், ஆதார் எதிலும் அது இல்லை. போட்டால் அரசிதழில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அப்பா பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதையே எழுது.

எந்தக் கட்டத்தில் எது என்பதில்தான் கவனம் வேண்டும். நம் ஆட்கள் இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். செஸ் வீரர் ஆனந்த், இன்ஷியலை அது இருந்த இடத்திலேயே விரித்து விஸ்வநாதன் ஆனந்த் ஆனார். முன்னால் இருப்பதுதான் சொந்தப் பெயர் என்று எண்ணி உலகம் அவரை 'விஷி' என்று கூப்பிட்டது. அது அவர் அப்பாவின் பெயர். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் வாங்கிய வெங்கி, சொந்தப் பெயரான வெங்கட்ராமனை முன்னாலும் அப்பா ராமகிருஷ்ணனைப் பின்னாலும் வைத்தார். சபையில் அவரை அப்பா பெயரால் அழைப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் வெங்கி என்பார்கள். நீ போகும் ஊரில் மேலதிகாரியைக்கூடச் சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றாயே. அப்படியானால் வெங்கியின் வழிதான் உனக்கு. நாள் முழுக்க உன்னை உன் பெயரால் கூப்பிடட்டும். வங்கியிலும் விமான நிலையத்திலும் மட்டும் அப்பா பெயர் ஒலிக்கட்டும்.

அம்மா பெயர் எங்கே என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன், என் தங்கை என்பதற்காக அல்ல. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவள் பெயரும் வரும். அதில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள். நாளைக்கு உன் குழந்தைக்கு இன்ஷியல் போடும்போது, அம்மா அப்பா இரண்டு பேருடைய எழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எனக்கு அது பிடித்திருக்கிறது. கல்யாணம் ஆனால் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. யாராவது கட்டாயம் என்று சொன்னால் என்னிடம் அனுப்பு.

உன் வீட்டுப் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று உன் பெரிய தாத்தாவுக்குத் தெரியும். அவருக்கு இப்போது காது மந்தம், ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. நெல்லூர்ப் பக்கமா, கடப்பைப் பக்கமா என்று உன் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடியும் கூட்டமுமாக இருக்கும், அவரிடம் உட்கார்ந்து பேச முடியாது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. வரும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் கொண்டு வா. அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

அன்புடன்,
மாமா